குடும்ப உளவளத்துணை, அம்பாறைக் கரையோரம்

கட்டிளமைப் பருவத்தினரின் மன உளைச்சல், முரட்டு நடத்தை, தற்கொலை முயற்சி முதலியவற்றைப் பிள்ளையின் தனிக்குறையாகக் கொள்ளாமல், வீட்டாரையும் சேர்த்து, அவர்களின் வழக்காறு அறிந்து ஆற்றுப்படுத்தும் முறை.

இந்தியாவில் உறவினரைச் சிகிச்சையில் சேர்க்கும் வழக்கம் 1950களில் அமிர்தசரஸில் தொடங்கியது. மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்து அவர்களைத் தங்கவைத்தார். வேலூர் மனநல நிலையமும் அவ்வழி சென்றது. 1970களில் ஹொசே சபோச்னிக் குழுவினர் மயாமியின் கியூபக் குடும்பங்களுக்கெனத் தனிமுறை வகுத்தனர்.

இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஊர்களின் முஸ்லிம்களிடையே 'குடும்பம்' என்பது பெற்றோரோடு முடிவதில்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளை அங்கு வந்து வாழ்கிறார். ஒரே வளவில் உம்மம்மாவும் உம்மாவின் சகோதரிகளும் இருப்பர். மாமாவின் சொல்லுக்கு எடையுண்டு. 'குடி' எனும் இத்தாய்வழிக் குலமுறையை டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆராய்ந்தார். குடியின் பிடி தளர்ந்துவிட்டது என்பாரும், திருமணத்தில் அது இன்றும் பேசும் என்பாரும் உளர்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1996இல், அண்டை மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா உருவானது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர், வேடமிட்டு ஆடினர். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பொலிஸுக்கு அஞ்சாமல் உதவி நாடக் குடும்பங்களுக்கு இது வழிவிட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. உளசமூகப் பணியாளர் திரளாக வந்தனர். மொழியறியாதோரின் குறுகியகால ஆலோசனை பயன்தந்ததா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கத்தானி குழுவினர் 2008இல் வெளியிட்ட வடகிழக்கு ஆய்வு, 296 தமிழ் மாணவரிடையே தந்தையரின் குடிப்பழக்கத்துக்கும் வீட்டு வன்முறைக்கும் தொடர்பு கண்டது. காயத்திரி பெர்னாண்டோ குழுவினரின் 2010 ஆய்வு, 427 இளையோரிடம் பேரிடர் விட்ட வடுவோடு வறுமை, துன்புறுத்தல் போன்ற அன்றாட நெருக்கடிகளும் பெரிதாய் நிற்பதைக் காட்டியது. ஆகவே வீடு ஒரு பிள்ளைக்குப் புகலிடமாகவும் இன்னொரு பிள்ளைக்குக் காயத்தின் ஊற்றாகவும் இருக்கலாம். எவரைக் கூடவே உட்காரவைப்பது, எவரிடம் தனியே பேசுவது என்பது இதைப் பொறுத்தது.

பிள்ளைக்குக் கண்ணூறு அல்லது ஜின் என்று ஐயுற்று முதலில் மௌலவியிடம் ஓதிப்பார்ப்பது வழக்கம். ஆற்றுப்படுத்துவோரில் சிலர் இதனைத் துணையாகக் கொள்வர். சிகிச்சை தாமதமாகும் என்று சிலர் கவலைப்படுவர்.

பிரதேச செயலகங்களில் உளவளத்துணை அலுவலர்கள் பணியாற்றுகின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசிச் சேவையைத் தமிழிலும் பெறலாம்.