ஈயம் ஓரத்தில், தங்கம் நடுவில்: ரவூப் சுரங்கம்

எஸ்.பி.எம். வரலாற்றில் ஈயச் சுரங்கம் பற்றிக் கேட்டால் நம்ம மாணவர்கள் நன்றாகவே எழுதிடுறாங்க. லோங் ஜாபார், லாருட், 1848 எல்லாம் மனப்பாடம். தங்கம் என்றால் மட்டும் தாலமி சொன்ன ‘பொன் தீபகற்பம்’ என்ற பெயரோடு பேனா நின்றுவிடுகிறது. அந்தப் பெயர் ரவூப்பைக் குறித்தது என்று எழுதிவிடாதீங்க, அதற்குச் சான்று இல்லை. ஆனால் தங்கம் இருக்கும் இடத்தை நிலப்படத்தில் காட்ட முடியும்.

தீபகற்ப மலேசியாவின் கனிமங்கள் வடக்கு தெற்காக மூன்று பட்டைகளாகக் கிடக்கின்றன. மேற்கே தீத்திவங்சா மலைத்தொடரின் கருங்கல்லை ஒட்டி ஈயம். பேராக், சிலாங்கூர் அதில் வரும். கிழக்கே மறுபடியும் ஈயம், கூடவே இரும்பு. சுங்கை லெம்பிங்கும் நம்ம ஜோகூரின் கோத்தா திங்கியும் அந்தப் பட்டைதான். நடுவில் தங்கம்: கிளந்தானிலிருந்து குவாலா லிப்பிஸ், ரவூப் வழியாகத் தெற்கே இறங்குகிறது.

20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு நிலத்துண்டுகள் மோதி, இடையே இருந்த கடல் மூடிப்போனது. அந்தத் தையல்தான் பெந்தோங்–ரவூப் கோடு. அதன் கிழக்கே பாறை வெடிப்புகளில் ஏறிய சுடுநீர், குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லையும் தங்கத்தையும் படியவிட்டது.

தேர்வுக்கு உதவும் இடம் இதுதான். ஈயத்தாது கருங்கல்லிலிருந்து அரிந்து, ஆற்று மண்ணோடு பள்ளத்தாக்கில் சேர்ந்தது. மண்வெட்டியால் தோண்டி, நீர்விட்டு அலசினால் போதும். அதனால்தான் சீனத் தொழிலாளர்களை வைத்தே லாருட்டில் தொழில் வளர்ந்தது. தங்கமும் ஆற்றில் கொஞ்சம் கிடைத்தது, டூலாங் தட்டில் அலசினார்கள். (மணலை அள்ளினால் கைப்பிடி தங்கம், அதனால்தான் ‘ரவூப்’ என்று ஊரில் ஒரு கதை உண்டு!) ஆனால் பெரும்பகுதி கெட்டிப் பாறைக்குள். குழி இறக்கணும், நீர் இறைக்கணும், கல்லை இடிக்கணும். அதற்கு இயந்திரம் வேணும், முதல் வேணும்.

1888-இல் பகாங்கிற்குப் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து வில்லியம் பிப்பி ரவூப்பில் இறங்கினார். இரயில் பாதை இல்லாத ஊர். அங்கே சுரங்கத்துக்காகவே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டி, 1900-இல் மின்சாரம் எடுத்தார்கள். மலாயாவின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். அந்தச் சுரங்கம் 1960களின் தொடக்கம் வரை ஓடியது.

ஈயத்திலும் பின்னாளில் ஈயக் கப்பல் வந்தபோது இதே கதைதான்: முதல் உள்ளவர் கை ஓங்கியது.

வகுப்பில் படம் வரையும்போது குவாலா லிப்பிஸையும் குறிக்கச் சொல்லுங்க. 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகரம் அதுதான், குவாந்தான் இல்லை.