கரி பஸ்ஸும் டபுள் கிளட்சும்

அமெரிக்காவுல பழைய லாரி, பிக்கப் வண்டி வச்சிருக்கிற ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. கம்பெனி போட்டுக் கொடுத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றி ஓரமா வச்சிட்டு, கையால் போடும் கியர்பாக்ஸை மாட்டுவது. கேட்க லேசா இருக்கும். ஆனா டார்க் கன்வெர்ட்டர் போய் ஃப்ளைவீல் வரணும், கிளட்ச் பெடலுக்கு இடம் பண்ணணும், புது கியர்பாக்ஸின் நீளம் வேறன்னா ப்ரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டணும். சனி ஞாயிறு எல்லாம் அதிலேயே காலி.

நம்ம ஊர்ல இந்த வரலாறே கிடையாது. கழற்றுவதற்கு ஆட்டோமேட்டிக் இருந்தால்தானே! ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' கியர்பாக்ஸை அறிவிச்சது 1939-ல். அதே ஆண்டு போர் ஆரம்பிச்சது. அடுத்த சில வருஷத்துல நம்ம பக்கத்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடந்தது வேற ஒரு மாற்றம். பெட்ரோல் வண்டியைக் கரி வண்டியா மாத்தினாங்க.

கடையம்னா எல்லாருக்கும் செல்லம்மா பாரதி ஊருன்னுதான் தெரியும். பாரதியார் 1918-லிருந்து 1920 வரை இங்கே இருந்தார். எங்க தாத்தாவுக்குக் கேட்டா கரி பஸ்தான் முதல்ல ஞாபகம் வருது. அவருக்கு இப்போ தொண்ணூறு. அப்போ எட்டு, ஒன்பது வயசுப் பையன். "பஸ்ஸுக்குப் பின்னாடி தார் டின் மாதிரி ஒண்ணு நிக்கும்ல, கிளீனர் பய நின்னு சுத்திக்கிட்டே இருப்பான், நாங்க சுத்தி நின்னு வேடிக்கை பாப்போம்" என்பார்.

ஏன் கரி? இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது 1941-ல். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சது. ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை எதிரி கையில் கிடைக்கக் கூடாதுன்னு பிரிட்டிஷ்காரர்களே அந்த ஏப்ரலில் அழிச்சாங்க. நமக்கு எண்ணெய் கொடுத்த பக்கத்து வீடு அதோட மூடியாச்சு. மிச்சம் இருந்ததில் ராணுவத்துக்குத்தான் முதல் பங்கு.

அப்போ மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் கம்பெனி நடத்திக்கிட்டிருந்தார். 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். மனுஷன் நம்ம ஜில்லாக்காரர், திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அவர் கம்பெனி 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'டை வடிவமைச்சுத் தயாரிச்சது.

அந்த உருளைக்குள்ளே நடப்பது பள்ளிக்கூட வேதியியல்தான். கரியை முழுசா எரிய விடாம, காற்றை அளந்து உள்ளே விடணும். அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அது எரியக்கூடிய வாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன். மீதி பாதிக்கு மேல் நைட்ரஜன், அதால ஒரு பிரயோஜனமும் இல்லை. சூடான வாயுவைக் குளிர வச்சு, சாம்பலை வடிகட்டி, காற்றோட கலந்து இன்ஜினுக்கு அனுப்பணும். வடிகட்டி சரியில்லைன்னா சாம்பல் சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் வேலை பார்க்கும். இந்த வாயு மெதுவா எரியும் என்பதால் ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்கணும், அதனால டைமிங்கையும் மாத்தணும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, வெறும் கரிவாயுவில் அது ஓடாது. நல்லவேளை, அன்னைக்கு நம்ம ரோட்டில் ஓடின செவர்லே, ஃபோர்டு எல்லாம் பெரும்பாலும் பெட்ரோல்.

காலையில் வண்டி எடுக்கணும்னா கரியைப் பத்தவச்சு, ஊதியைக் கையால் பத்துப் பதினைந்து நிமிஷம் சுத்தணும். வாயு வெளியே வரும் இடத்தில் நெருப்பு காட்டி, சீரா எரிஞ்சா வண்டி ரெடி. கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் வாயுவுக்கு மாத்துறதும் உண்டு.

பவர்? கிட்டத்தட்ட பாதி போயிரும். அந்தக் கால செவர்லே லாரிக்கு ஏறத்தாழ 80 குதிரைத்திறன். கரியில் ஓடினா 40, 45 தேறும். ஒரு மாருதி ஆல்டோ இன்ஜினை வச்சு முழு பஸ்ஸை இழுக்கிற மாதிரி. செங்கோட்டை தாண்டி புளியரை ஏற்றத்தில் இதை நினைச்சுப் பாருங்க!

இங்கேதான் டபுள் கிளட்ச் வருது. அந்த வண்டிகளில் இப்போ மாதிரி சிங்க்ரோமெஷ் எல்லா கியருக்கும் கிடையாது. கியர் குறைக்கணும்னா கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்சை மிதிச்சு அடுத்த கியர். பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வராட்டி 'கர்ர்ர்'னு ஊரே திரும்பிப் பார்க்கும். பெட்ரோல் வண்டியில் அந்த ஒரு அழுத்துக்கு இன்ஜின் உடனே எகிறும். கரி வண்டியிலோ நிதானமா யோசிச்சுதான் எகிறும். அதுக்குள்ள ஏற்றத்தில் வண்டி நின்னுரும். அந்த டிரைவர்களை நினைச்சா எனக்கு உண்மையிலேயே மலைப்பா இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டேன் (தொழில் புத்தி போகலை :-)). ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடா ஏறத்தாழ ஒன்றரை கிலோ கரி வேணும். திருநெல்வேலி - தென்காசி போய்வர 110 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்னு வச்சா 27 லிட்டர், அதாவது 40 கிலோ கரி. மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு நாலஞ்சு கிலோ விறகு போகும். ஆக ஒரு நடைக்கு 160-லிருந்து 200 கிலோ மரம்! ஸ்வீடனில் போர்க்காலத்தில் 70,000 வண்டிகளுக்கு மேல் இப்படி ஓடின. அவங்களுக்குக் காடு பெருசு, மரம் வெட்டுறதும் கணக்கா நடந்தது. நமக்கு இருந்தது ஒரு மலைத்தொடர்.

இதைப் பெருமையா மட்டும் பேசுறவங்க சொல்லாம விடுற விஷயம் விஷவாயு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே சில நிமிஷத்தில் ஆளைச் சாய்ச்சிரும். ஸ்வீடனில் இந்த நச்சுக்கு ஆளானவங்களை டாக்டர்கள் தனியா ஆராய்ஞ்சாங்க. இங்கே உருளைக்குப் பக்கத்தில் முகத்தை வச்சு ஊதியைச் சுத்தினது, தாத்தா வேடிக்கை பார்த்த அந்தக் கிளீனர் பையன்தான். "அவன் அடிக்கடி தலைவலின்னு சொல்லுவானா?"ன்னு கேட்டேன். "கிளீனர் பயட்ட யாரு அதெல்லாம் கேட்டா?"ன்னுட்டார்.

போர் முடிஞ்சு பெட்ரோல் வந்ததும் உருளைகளைக் கழற்றிட்டாங்க. ஆனா வண்டியைப் பிரிச்சு மாட்டுறது நிக்கலை. 1950-களில் சென்னை சிம்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் தயாரிப்பில் இறங்கியது. பழைய பெட்ரோல் லாரியில் அந்த இன்ஜினைத் தூக்கி உட்கார வைக்கிறது சகஜமாச்சு. டீசல் குறைஞ்ச சுற்றில் ஓடுவதால் கிரவுன் பினியன் விகிதத்தை மாத்தலைன்னா வேகம் குறையும். 1954-ல் டாடா - மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஜாம்ஷெட்பூரிலிருந்து டீசலாகவே வந்து இறங்கியது. அதுக்கப்புறம் மாத்தவேண்டிய பழைய வண்டிகளும் கொஞ்சம் கொஞ்சமா காயலான் கடைக்குப் போயிருச்சு.