வட்ட லோகோ ஷெட்

வட்ட லோகோ ஷெட் என்பது நீராவி எஞ்சின்களை நிறுத்தவும் கழுவவும் பழுது பார்க்கவும் வட்டமாகவோ விசிறி வடிவிலோ கட்டப்பட்ட கொட்டகை. நடுவில் சுழலும் டர்ன்டேபிளிலிருந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தடங்கள் பிரியும். 'ரவுண்ட்ஹவுஸ்' என்றும் வழங்குவர்.

அமைப்பு

டெண்டர் பூட்டிய எஞ்சின் பின்னோக்கி ஓடினால், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் டிரைவரின் பார்வையை மறைக்கும். எனவே பயணம் முடிந்ததும் எஞ்சினைத் திருப்பியாக வேண்டும். மீட்டர் கேஜ் தடங்களில் ஓடிய ஒய்பி வகை எஞ்சின் டெண்டரோடு சேர்ந்து ஏறத்தாழ 100 டன். டிரைவர் அதை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, எடை டர்ன்டேபிளின் நடுவில் சமமாக விழும்படி நிறுத்திவிட்டால், சில ஆட்கள் நீண்ட கம்பைத் தள்ளியே திருப்பிவிடலாம்.

கொட்டகைக்குள் தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் இறங்கி வேலை பார்க்கும் குழியும், மேலே புகை வெளியேறும் கூண்டும் இருக்கும். குறைந்த இடத்தில் பல எஞ்சின்களை நிறுத்தலாம். ஆனால் டர்ன்டேபிள் பழுதானால் உள்ளே நிற்பவை அத்தனையும் அடைபட்டுப்போகும்.

தோற்றமும் மறைவும்

இங்கிலாந்தின் டார்பி நகரில் 1839-இல் எழுந்த கட்டடம் இவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. இரு திசையிலும் ஓடக்கூடிய டீசல், மின்சார எஞ்சின்கள் வந்தபின் இவ்வகை ஷெட்டுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

காவிரிப் படுகையில்

நீடாமங்கலம் வழியே செல்லும் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் தடம் 1861-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியை எட்டியது. அகலப் பாதையாகப் போடப்பட்ட இது 1875-இல் மீட்டர் கேஜாக மாறியது. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது.

இந்தியாவில் பெரும்பாலான நீராவி ஷெட்டுகள் வட்டமாக அல்லாமல் நீளவாக்கில் கட்டப்பட்டவை. எஞ்சினைத் திருப்பத் தனியே ஒரு டர்ன்டேபிளோ முக்கோணத் தடமோ இருக்கும். நீராவி ஓய்ந்து, விழுப்புரம்–தஞ்சாவூர் மெயின் லைன் 2010-க்குள் முழுதும் அகலப் பாதையானபின் அந்த ஏற்பாடுகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

பாதுகாப்பு

பழைய ஷெட்டுகள் பிழைத்தது புது வேலை கிடைத்த இடங்களில்தான். டார்பி கட்டடம் இன்று கல்லூரி. லண்டன் கேம்டனில் 1847-இல் கட்டப்பட்டது, 1960-களிலிருந்து கலையரங்கு. ஜப்பானின் கியோட்டோவில் 1914-இல் கட்டிய 20 தட விசிறி ஷெட் 1972-இல் அருங்காட்சியகமானது. தைவானின் சாங்ஹுவாவில் உள்ள 12 தட ஷெட்டில் இன்றும் எஞ்சின்கள் நின்று போகின்றன.

இந்தியாவில் 1893-இல் கட்டிய ரேவாரி ஷெட், நீளக் கொட்டகையானாலும், புதுப்பிக்கப்பட்டு 2010-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே பழைய நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடும் நிலையில் உள்ளன.

தமிழகத்தில் நீராவித் தொழில் எஞ்சியிருப்பது நீலகிரி மலை ரயிலில். அதன் எஞ்சின்களைக் குன்னூர் ஷெட் பராமரிக்கிறது. எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் கட்டிக் கொடுத்தது. இங்கே டர்ன்டேபிளுக்கு வேலையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. இறங்கும்போது முன்னால் நின்று பெட்டிகளைத் தாங்கி வருகிறது. இரண்டு வேளையும் அது சரிவின் கீழ்ப்பக்கமே நிற்பதால், திருப்ப வேண்டிய தேவை எழுவதில்லை.