சிற்றுருவ நாய்களும் ஜீவகாருண்யமும்

கல்யாணை அடுத்து, உல்லாஸ் நதியின் பக்கத்தே அமைந்துள்ள உல்லாஸ்நகர் அப்பெயர் பெற்ற வரலாற்றில் ஒரு தமிழருக்குப் பங்குண்டு. யுத்த காலத்தில் ராணுவ முகாமாக இருந்த அவ்விடத்தில், தேசப் பிரிவினைக்குப்பின் சிந்துவிலிருந்து வந்த அகதிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் குடியமர்த்தப்பட்டனர். 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் தேதி, கவர்னர் ஜெனரலாக விளங்கிய ராஜாஜி அதற்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டினார். வீடும் நிலமும் இழந்து வந்த அம்மக்கள் தம் உழைப்பால் அதனைத் தொழில் நகரமாக்கினர். எப்பொருளையும் கேட்ட அளவில் செய்து தருவார்கள் என்பது அந்நகரின் புகழ்.

அந்நகரில் வாழும் தமிழ் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு ஒருமுறை சென்றிருந்தோம். அவருடைய மகள் தன் உள்ளங்கையில் ஒரு நாய்க்குட்டியை ஏந்தி வந்து காட்டினாள். ‘டீகப்’ பொமரேனியன், அதாவது தேநீர்க் கோப்பையில் அடங்கும் நாய் என்று சொல்லி விற்றார்களாம். இதற்குமேல் வளராது என்ற உறுதிமொழி வேறு. மறுமுறை சென்றபோது குட்டி இல்லை. ஒருநாள் இரவு உணவு கொள்ளாமல் உறங்கிற்று. விடியுமுன் வலிப்புக் கண்டு இறந்தது. “மாமா, நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?” என்று அக்குழந்தை எம்மை வினவினாள். அக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நாய்களில் சிறிய உருவம் நேற்றுத் தோன்றியதன்று. உடலின் வளர்ச்சியை ஆளும் ஒரு மரபணுவின் வேறுபாடே சிறிய நாய்களின் உருவத்திற்குப் பெருங்காரணம் என்று 2007-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கண்டனர். அதனோடு தொடர்புடைய ஒரு மாற்றம் ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓநாயிடமே இருந்தது என்பது 2022-ஆம் ஆண்டு தெரியவந்தது. இயற்கை வைத்திருந்த அச்சிறு விதையை மனிதன் தன் விருப்பிற்கேற்ப வளர்த்துக்கொண்டான்.

சீன அரண்மனைகளில் பெக்கிங்கீஸ் என்னும் சிறு நாய்களைச் சீராட்டி வளர்த்தனர். 1860-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது அகப்பட்ட நாய்களுள் ஒன்று விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாயிற்று. அதற்கு ‘லூட்டி’ என்று பெயரிட்டனர். நம் நாட்டு ‘லூட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது; கொள்ளைப் பொருள் என்பதே அதன் கருத்து. உயிருள்ள ஒன்றைப் பொருளாகக் கருதிய மனம் அப்பெயரிலேயே வெளிப்படுகிறது.

பொமரேனியனின் கதையும் அம்மகாராணியோடு பிணைந்தது. முன்னாளில் அது பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடைய, குளிர்நாட்டு நாய். 1888-ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மகாராணி வாங்கிய மார்க்கோ என்னும் நாய் அதனினும் சிறியது. அரசி விரும்பியதை ஊர் விரும்பிற்று. சிறியதை மேலும் சிறியதாக்கும் போட்டி மூண்டது. இன்று அவ்வினத்திற்கு வகுக்கப்பட்ட எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ முதல் மூன்று கிலோ வரையில்தான். நம் தெருக்களில் பொமரேனியன் என்று வழங்கும் நாய்களுட் பல உண்மையில் இந்திய ஸ்பிட்ஸ் என்னும் வேறு வகை என்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

இதற்கும் கீழே இறங்கியதே ‘டீகப்’ வணிகம். பெயர் பெற்ற எந்த நாயினச் சங்கமும் அப்படி ஒரு வகையை ஏற்கவில்லை. அது விற்போர் இட்ட பெயர். ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளுள் மிக நலிந்ததைத் தேர்ந்து, அத்தகைய இன்னொன்றோடு சேர்ப்பது ஒரு முறை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பது மற்றொன்று. குட்டிக்கு வயிறார உணவிடாமல் வளர்ச்சியைத் தடுப்பதும், தாயிடமிருந்து உரிய காலத்திற்கு முன்பே பிரித்து, இளங்குட்டியைச் சிறிய நாயென்று விற்பதும் உண்டு.

இவற்றின் பயனை அனுபவிப்பது நாயே. உடல் மிகச் சிறியதாகையால் அதில் சேமிப்பு இல்லை. ஒருவேளை உணவு தவறினாலும் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து வலிப்பு வரும். உச்சந்தலை எலும்பு கூடாமல் நிற்பதும், மூளையில் நீர் கோப்பதும், முழங்காற் சில்லு விலகுவதும், மூச்சுக்குழாய் தளர்ந்து மடிவதும் இவற்றில் மிகுதி. தாய்க்கோ பிரசவமே கண்டம். வயிற்றைக் கீறிக் குட்டியை எடுக்க நேரிடுகிறது.

நம் நாட்டிலும் நாயினங்களைத் தேர்ந்து வளர்த்தோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை வேட்டைக்கும் காவலுக்கும் உதவின. தொழிலுக்கேற்ற உடல் அவற்றிற்கு அமைந்தது. ஆயினும் நாம் குற்றமற்றவர் அல்லோம். ராஜபாளையம் நாயில் தூய வெண்மையையே நாடியதன் விளைவாக அவ்வினத்தில் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. அழகிற்காகத் தேர்ந்த இடமெல்லாம் உயிர் விலை கொடுத்திருக்கிறது.

இவ்வநீதியைச் சட்டம் பாராதிருக்கவில்லை. பம்பாயில் 1874-ஆம் ஆண்டிலேயே பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. 1890-ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி இயற்றிய சட்டம் குறுகிய எல்லையுடையது. மதுரையிற் பிறந்து, கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1953-ஆம் ஆண்டு ஒரு தனி மசோதாவைக் கொணர்ந்தார். சர்க்காரே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அம்மையார் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாகப் பிறந்ததே 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1962-ஆம் ஆண்டு அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் பல்லாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கிற்று.

இச்சட்டத்தின் கீழ் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் வெளியாயின. நாய்களை ஈனவைத்து விற்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. பெண் நாய் பதினெட்டு மாதம் நிறையுமுன் ஈனவைத்தலாகாது; வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. 2018-ஆம் ஆண்டின் விதிகள் செல்லப்பிராணிக் கடைகளுக்கும் பதிவைக் கட்டாயமாக்கின.

எனினும் இரு குறைகள் உள்ளன. இவ்வளவிற்கும் கீழே ஓர் உயிரைச் சிறிதாக்கலாகாது என்ற எல்லை அவ்விதிகளில் இல்லை. மேலும், கொடுமை இழைப்போரின் முதற் குற்றத்திற்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்ச அபராதம் ஐம்பது ரூபாய். அறுபது ஆண்டு கழித்தும் அது ஐம்பது ரூபாயாகவே நின்றது. பல்லாயிரம் ரூபாய்க்குக் குட்டி விற்பவனை ஐம்பது ரூபாய் என்ன செய்யும்?

“தாராவியிலும் செம்பூரிலும் ஓர் அறையில் வாழும் நாங்கள் பெரிய நாயை எங்கே வைப்போம்?” என்று நம்மவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சிறிய நாயை விரும்புவது குற்றமன்று. தன் இனத்திற்குரிய அளவில் நலமாகப் பிறந்த சிறு நாய்கள் பல உண்டு. தெருவில் பிறந்த குட்டியும் ஓர் அறையில் அன்போடு வளரும். நாம் ஒறுப்பது அளவையன்று. நலிவையே அழகாக விற்கும் முறையை. குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுதல், பதிவுச் சான்றினைக் கேட்டல், எட்டு வாரம் நிறைந்ததா என வினவுதல் ஆகிய மூன்றையும் செய்து, தயங்குகிற விற்பனையாளரைவிட்டு வெளியேறினாலே இவ்வணிகம் பாதி தளரும். கேட்போர் இருப்பதால்தானே விற்போர் இருக்கின்றனர்!

மயிலுக்குக் குளிருமென்று எண்ணித் தன் போர்வையை ஈந்தான் பேகன். இக்குட்டிகளோ மெய்யாகவே குளிரில் நடுங்குகின்றன; நடுங்கும்படி அவற்றைச் சிறுக்கவைத்துவிட்டுப் பிறகு நாம் போர்வை வாங்குகிறோம். உல்லாஸ்நகர்த் தொழிற்கூடத்தில் நாற்காலியைப் பாதி அளவிற் செய்யலாம்; அதற்கு நோவு இல்லை. உயிரை அவ்வாறு செய்ய ஒண்ணாது.

அன்று அச்சிறுமியிடம் நாம் கூறிய விடை இதுதான்: “அம்மா, நீ நன்றாகவே பார்த்துக்கொண்டாய். உன் கைக்கு வருமுன்பே அதற்குத் தீங்கு நேர்ந்துவிட்டது.” அடுத்த குட்டிக்கு அத்தீங்கு நேராமற் காக்கும் கடமை, பணம் கொடுத்து வாங்கும் பெரியவர்களாகிய நம்முடையது.