துளைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு டாக்டர் பட்டம்

புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்கில் எம்.இ., பி.எச்டி. வாங்க என்னென்ன வேண்டும்? பழனி, உடுமலை பக்கம் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் மதிப்பெண், நுழைவுத்தேர்வு, எத்தனை வருஷம், எத்தனை கட்டுரை என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். பட்டியலைப் பிறகு பார்ப்போம். அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது இன்னும் சுவாரசியமான கதை.

பழனியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அந்தப் பூட்டுக்கென்றே சாவி செய்வார்கள். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேரக் கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் பெருமை.

புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் இதற்கு நேர் எதிர். இங்கே எந்த ஷாஃப்டும் எந்தத் துளையிலும் சேர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையின் ஆரம்பத்திலும் ஒரு பூட்டுதான் இருக்கிறது. லண்டனில் ஜோசப் பிராமா 1784-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். திறக்கக் கஷ்டமான பூட்டு, ஆனால் செய்வதும் கஷ்டம். கையால் ராவி நிறையச் செய்ய முடியவில்லை. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி, அதன் பாகங்களைச் செய்வதற்கென்றே கருவிகளையும் இயந்திரங்களையும் உருவாக்கினார். பொருளைச் செய்வது ஒரு வேலை, அதைச் செய்யும் முறையை வடிவமைப்பது வேறொரு வேலை என்பது இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் தெளிவாயிற்று.

பட்டறை அறிவு எப்போது பட்டத்துக்குரிய அறிவானது? ஜெர்மனியில் 1899 வரை டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமை பழைய பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. அந்த வருஷம் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பிரஷ்யாவின் தொழில்நுட்ப உயர்கல்லூரிகளுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார். பல்கலைக்கழகங்களுக்கு இது பிடிக்கவில்லை. அதனால் மற்ற டாக்டர் பட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டும்படி, லத்தீனில் இல்லாமல் ஜெர்மன் மொழியிலேயே இதற்குப் பெயர் வைத்தார்கள். நிபந்தனைகள் என்ன? பள்ளி இறுதித் தேர்வு, பொறியியல் பட்டம், சுயமாக ஆராய்ந்ததைக் காட்டும் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. இன்றைய பி.எச்டி.யின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, இல்லையா?

1904-ல் பெர்லினில் கேயார்க் ஷ்லெஸிங்கர் இந்தப் பட்டம் வாங்கினார். லூட்விக் லோவே என்ற இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'ஃபிட்'. துளைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் சுழலும், எவ்வளவு குறைந்தால் இறுகும் என்ற விஷயம். பட்டறையில் மேஸ்திரி கையால் தடவிப் பார்த்துச் சொல்வதை, யாரும் அளந்து திரும்பச் செய்யக்கூடிய எண்ணாக மாற்றும் வேலை. அதே வருஷம், முப்பது வயதில், இயந்திரக் கருவிகளுக்கும் தொழிற்சாலை நிர்வாகத்துக்கும் பெர்லினில் தொடங்கிய புதிய பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. யூதர் என்பதால் 1933-ல் நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் இங்கிலாந்தில் புரொடக்‌ஷன் இன்ஜினியர்கள் சங்கத்துக்காக ஆராய்ச்சி செய்தார்.

பட்டமே இல்லாமல் பி.எச்டி. தரத்தில் வேலை செய்தவரும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரெடரிக் டெய்லர், மிட்வேல் எஃகு ஆலையில் வேலை பார்த்தபடியே வீட்டில் படித்து 1883-ல் பொறியியல் பட்டம் வாங்கியவர். உலோகத்தை எந்த வேகத்தில் வெட்டினால் டூல் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற ஒரே கேள்வியோடு 26 வருஷம் சோதனை செய்து, 1906-ல் முடிவுகளை வெளியிட்டார். டூலின் ஆயுளைக் கணக்கிட அவர் கொடுத்த சமன்பாடு எம்.இ. முதல் வருஷப் பாடத்தில் இன்றும் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு இப்போது நம் ஊர்ப் பட்டியலுக்கு வருவோம். எம்.இ. இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர். மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் போன்ற பிரிவுகளில் பி.இ. முடித்திருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கேட் மதிப்பெண் அல்லது மாநில நுழைவுத்தேர்வு. முன்பு டான்செட், 2023 முதல் சீட்டா. கேட் தேறி, ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகப் படித்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மெட்டல் கட்டிங், மெட்ராலஜி, தரக் கட்டுப்பாடு என்று பாடங்கள், கடைசியில் புராஜெக்ட்.

பி.எச்டி.க்கு யுஜிசியின் 2022 விதிகள்தான் அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நான்கு வருஷ இளங்கலையில் 75 சதவீதம் இருந்தால் எம்.இ. இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது மூன்று வருஷம், பொதுவாக ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் குறைந்தது 12 கிரெடிட். வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் செய்யலாம். ஆய்வேடு வெளித் தேர்வாளர்களிடம் போகும், பிறகு வாய்மொழித் தேர்வு. இவை குறைந்தபட்ச விதிகள். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு இன்னும் கூட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். 2009 விதிகளிலும் 2016 விதிகளிலும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது கட்டாயம். கட்டாயம் என்று வந்ததுமே, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களும் பெருகின. 2022-ல் யுஜிசி அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. சதவீதம், நுழைவுத்தேர்வு, கட்டுரை எண்ணிக்கை எல்லாம் இப்படி வரும், போகும். 1899-லிருந்து மாறாதது ஒன்றுதான்: சொந்தக் கேள்வி, அதற்கு மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய பதில்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு எம்.இ., பேராசிரியர் ஆக பி.எச்டி. என்று விதி வந்தபின், நம் ஊரில் பலருக்கு இந்தப் பட்டங்கள் வேலைக்கான நுழைவுச்சீட்டாக ஆகிவிட்டன. அதில் தப்பில்லை, வயிற்றுப்பாடு முக்கியம். ஆனால் நஷ்டம் எங்கே என்றால், வார்ப்படம் ஏன் வெடிக்கிறது, ட்ரில் ஏன் உடைகிறது என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கும் ஷாப்ஃப்ளோர் ஆள், பி.எச்டி. என்பது வாத்தியார்களுக்கானது என்று ஒதுங்கிவிடுகிறார். ஷ்லெஸிங்கரும் டெய்லரும் அந்த மாதிரி ஆட்கள்தான். பகுதிநேர வழி திறந்தே இருக்கிறது. உங்கள் மெஷின் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தால், கடினமான தகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியெல்லாம் விண்ணப்பப் படிவம்.