மனசாட்சி

காய்கறிக் கடையில் விலையைக் கேட்டுத் திகைத்துப்போனால், "மனசாட்சியோட சொல்லுங்கண்ணே" என்கிறோம். கடைக்காரர் நெற்றியில் திருநீறு இருக்கிறதா, கழுத்தில் சிலுவை தொங்குகிறதா, இரண்டும் இல்லையா என்று பார்த்துவிட்டு அந்தச் சொல்லை எடுப்பதில்லை. எல்லாரிடமும் செல்லும் என்று தெரிந்துதான் எடுக்கிறோம்.

'சாட்சி' வடசொல். அதற்குள் ஒரு கண் இருக்கிறது. கண்ணால் கண்டவன் எவனோ அவனே சாட்சி. ஐரோப்பியர் வேறு வழியில் போனார்கள். லத்தீனில் மனசாட்சிக்கு வழங்கிய 'கான்ஷியென்ஷியா' என்ற சொல்லில் இருப்பது 'அறிதல்'. ஆங்கிலத்தின் 'சயின்ஸ்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். அவர்கள் அறிவை உள்ளே வைத்தார்கள். நாம் ஒரு கண்ணை வைத்தோம்.

சாட்சிக்குப் பழந்தமிழில் வழங்கிய சொல் 'கரி'. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பொய்க்கரி சொன்னவனைச் சதுக்கப்பூதம் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். அப்படிப் பிடிபட்ட ஒருவனின் தாய் துடிப்பதைக் கண்ட கோவலன், தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடச் சொல்கிறான். பூதம் இணங்கவில்லை, அவனைக் கொன்றுவிடுகிறது. கோவலன் அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறான். பொய் சொன்னவனைப் பிடிக்கத் தெருவில் பூதம் இருந்தது. அந்தத் தாய்க்குச் சோறு போடு என்று கோவலனுக்கு எந்தப் பூதமும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதையில் பெரிய இடம் அதுதான். திருக்குறளின் வாய்மை அதிகாரத்துக்கு வந்தால் பூதமே இல்லை. பொய்யனை வாட்டுகிற வேலையை அவன் நெஞ்சே பார்த்துக்கொள்கிறது.

சமயங்களும் இந்தச் சொல்லைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. அத்வைதத்தில் சாட்சி என்பது எதிலும் ஒட்டாமல் பார்த்து நிற்கும் அறிவு. தமிழ் விவிலியத்தின் ரோமர் நிருபத்தில், வேதச்சட்டம் கிடைக்காத மக்களுக்கும் உள்ளே இருந்து பேசுகிறது மனச்சாட்சி. அறிவியலும் விடவில்லை. கூடி வாழும் இயல்புள்ள எந்த விலங்குக்கும் மனிதனைப் போல அறிவு வளர்ந்தால் அறவுணர்வும் வந்தே தீரும் என்று டார்வின் 1871-ல் எழுதினார். மனசாட்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு விடை. அது சொல்வது சரிதானா என்பது வேறு கேள்வி.

ஏனென்றால் சாட்சி தவறலாம். நீதிமன்றத்தில் 'பிறழ்சாட்சி' என்கிறார்களே, அது உள்ளேயும் உண்டு. 1924-ல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்கலாம் என்று போராடியவர்களை எதிர்த்து நின்றவர்கள், தாங்கள் தர்மத்தைக் காப்பதாகவே நம்பினார்கள். 'தீட்டு' பட்டால் உறுத்தும். தெருவை அடைத்தால் உறுத்தாது என்று அவர்கள் மனம் பழக்கப்பட்டிருந்தது. இங்கேதான் பகுத்தறிவுக்கு வேலை. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்: இதை நீ கண்டாயா, யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இந்த விசாரணைக்கு உட்படாத மனசாட்சியை, பக்தர் காட்டினாலும் நாத்திகர் காட்டினாலும், நான் ஏற்கமாட்டேன்.

கடவுளை நம்பாதவர் சொல்லை நம்பலாமா என்ற கேள்வி சட்டத்தையும் வெகுகாலம் அலைக்கழித்தது. 1880-ல் நார்தாம்டன் தொகுதியில் வென்ற நாத்திகர் சார்லஸ் பிராட்லா, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முறையாக அமர 1886 வரை போராடினார். கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி கூறும் உரிமையை 1888-ல் சட்டம் எல்லாருக்கும் தந்தது. தமிழ்நாட்டில் 1967-ல் அண்ணாவின் அமைச்சரவை 'உளமார' உறுதி கூறிப் பதவியேற்றது. 2021-ல் மு.க. ஸ்டாலினும் அப்படியே.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழியும் உண்டு: கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறலாம். அதற்குப் பிறகு வரும் வாசகம் இருவருக்கும் ஒன்றுதான்.