நித்தியகல்யாணிச் செடியும் புற்றுநோய் மருந்தும்: நோயாளிகள் அறிய வேண்டியவை

ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் பெறப்படுகின்றன. இதனை அறிந்த சிலர், அதன் இலையைக் கஷாயமாக்கி அருந்தினால் புற்றுநோய் குணமாகும் என்று கருதுகின்றனர். இக்கருத்து தவறானது, ஆபத்தானது.

மருந்து கண்டறியப்பட்ட விதம்

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலை, பல நாடுகளில் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ஆகியோர் இதனை ஆராய்ந்தனர். வாய்வழியாகச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளுக்கு இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட எலிகளோ, வெள்ளையணுக்கள் குறைந்து நோய்த்தொற்றால் இறந்தன. வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள் இரத்தப் புற்றுநோய்க்கு உதவக்கூடும் என்னும் எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

செயல்படும் விதம்

செல் பிரியும்போது நுண்குழல்கள் அதன் மரபுப்பொருளை இரண்டாகப் பகிர்கின்றன. இம்மருந்துகள் அக்குழல்கள் உருவாவதைத் தடுப்பதால், பிரிய இயலாத செல் அழிகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் பிற மருந்துகளுடன் சேர்த்து வழங்கப்படுகிறது. வின்பிளாஸ்டின், ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

இலை ஏன் மருந்தாகாது?

ஒரு டன் உலர்ந்த இலையிலிருந்து சில கிராம் வின்கிரிஸ்டின் மட்டுமே கிடைக்கும். இலையில் வேறு பல ஆல்கலாய்டுகளும் உள்ளன. கஷாயத்தில் எது எவ்வளவு உள்ளது என்று கணிக்க இயலாது. மருத்துவமனையிலோ தூய்மைப்படுத்திய மருந்து, நோயாளியின் உடலுக்கேற்ப அளவிடப்பட்டு, சிரை வழியாக மட்டுமே செலுத்தப்படுகிறது. அளவு சற்று மிகுந்தாலும் நரம்புகள் பாதிக்கப்படும்.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• மூலிகையை நம்பிச் சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம். தொடக்கத்தில் குணப்படுத்தக்கூடிய நோய், காலதாமதத்தால் கைமீறிப் போகலாம்.

• கஷாயம், பொடி, லேகியம் எதையேனும் உட்கொண்டு வந்தால் தயக்கமின்றி மருத்துவரிடம் கூறுங்கள். சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் செயலைக் கூட்டவோ குறைக்கவோ கூடும்.

• வின்கிரிஸ்டின் பெறுபவருக்குக் கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், கடும் மலச்சிக்கல், தாடை வலி ஆகியவை தோன்றினால் அடுத்த ஊசிக்கு முன்பே தெரிவியுங்கள்.

• கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.